கியர் சைக்கிள் 8 மாச ரிவ்யூ: கொல்லிமலை 70 வளைவும் ஏறி எறங்குன பிறகு எழுதறேன்

வண்டி வாங்கி 8 மாசம் ஆச்சு, இதுவரைக்கும் 2100 கிலோமீட்டர் ஓடிருக்கு, அதனாலதான் இப்ப எழுத உக்காந்தேன். வாங்குன வாரமே எழுதிருந்தா கலர் நல்லாருக்கு, கியர் சத்தமில்லாம விழுதுன்னு மட்டும்தான் எழுதிருப்பேன், சைக்கிளோட கொணம் மூணாவது மாசத்துக்கு மேலதான் தெரியும். பிராண்டு பேரு போடல. 17,500 ரூபா வாக்குல வர்ற வண்டிகள்ல பார்ட்ஸ் எல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஃபிரேம்ல ஒட்டிருக்கற ஸ்டிக்கர்தான் மாறும்.

மொதல்ல ஏன் வாங்குனேன்னு சொல்லிடறேன், அது தெரியாம மத்தது புரியாது. நான் நாமக்கல்ல லாரி பாடி கட்டற பட்டறைல கணக்கு பாக்கறேன், காலைல 9 மணிக்கு உக்காந்தா சாயங்காலம் 7 மணிக்குதான் எந்திரிப்பேன், வீட்டுக்கு வந்து சாப்ட்டு மறுபடி சோபால சாஞ்சு போன எடுத்தா மணி 1 ஆயிரும். பாக்கறது எல்லாம் என்னன்னா யாரோ லடாக்ல வண்டி ஓட்டறது, யாரோ மலைல டெண்ட் அடிச்சு மழை பாக்கறது. ஒருநாள் போன்லயே கணக்கு காட்டுச்சு, ஒரு நாளைக்கு 5 மணி 40 நிமிஷம். அது என்னய பெருசா உலுக்கல. உலுக்குனது வேற. போன வருஷம் மே மாசம் ஒரு ராத்திரி கரண்டு போயி நெட்டும் போயிருச்சு, புழுக்கம் தாங்காம மொட்டமாடில பாய போட்டு படுத்துட்டேன், விடிகாலைல கண்ணு முழிச்சா எதுத்தாப்ல நீலமா கொல்லிமலை நிக்குது, மேல பாதி மேகத்துக்குள்ள. 12 வருஷமா அதே வீட்டுலதான் இருக்கேன். கடைசியா அந்த மலைக்கு போனது 10 வயசுல, ஆடி மாசம் அப்பாகூட அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு பஸ்ல. எங்கயோ இருக்கற மலைய யாரோ ஏறறத ராத்திரி முழுக்க முழிச்சு பாத்திருக்கேன், என் மாடிக்கு எதுத்தாப்ல இருக்கற மலைய திரும்பிக்கூட பாக்கல. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், ஏறுனா என் கால்ல ஏறணும், அதுவும் சைக்கிள்லதான்.

மாசாமாசம் கட்டிட்டு இருந்த மூணு ஓடிடிய நிறுத்திட்டேன், கையில கொஞ்சம் சேத்து 17,500 ரூபாய்க்கு புது வண்டி எடுத்தேன். 27.5 இஞ்ச் வீலு, முன்னாடி 3 பின்னாடி 7 மொத்தம் 21 கியர், ரெண்டு பக்கமும் கேபிள்ல இழுக்கற டிஸ்க் ப்ரேக், எடை 16 கிலோ. 16 கிலோங்கறது கனம்தான், ஆனா இந்த வெலைல வர்ற கியர் வண்டி பலதும் கிட்டத்தட்ட இந்த கனம்தான்.

கொற மொதல்ல. டெலிவரி எடுத்த நாலாவது நாள் ஸ்பீடு ப்ரேக்கர்ல ஏறுறேன், ஹேண்டில்பார் தனியா திரும்புது, முன் வீல் நேரா போகுது. கீழ விழாம கால ஊனிட்டேன். கடைல ஹேண்டில் போல்ட்ட முழுசா இறுக்கவே இல்ல. எங்க தெருமுக்குல 30 வருஷமா பஞ்சர் ஒட்டற அண்ணன்தான் பாத்துட்டு, "ஏனுங் தம்பி, புது வண்டின்னா எல்லாம் சரியா இருக்கும்னு நெனச்சிட்டீங்களா, பெட்டில இருந்து எடுத்து மாட்டுனதுங்க, ஒவ்வொரு போல்ட்டா கைவெச்சு பாத்துட்டுதான் ஏறணும்"னு சொல்லி அன்னிக்கே எல்லாத்தையும் இறுக்கி, பின் வீல்ல லேசா கோட்டம் இருந்துச்சு, அதையும் எடுத்து குடுத்தாரு. நீங்க எங்க வாங்குனாலும் மொத வாரத்துலயே ஒரு நல்ல மெக்கானிக் கையில குடுத்து எடுத்துருங்க, 200 ரூபா செலவாகும், பல்லு தப்பும்.

அடுத்தது சீட்டு. கடைல தொட்டு பாத்தா மெத்த மாதிரி இருக்கும், 15 கிலோமீட்டர் தாண்டுனா அந்த மெத்தையே தொடைல உரசி புண்ணாக்கும். கொஞ்சம் ஒடுக்கமா கெட்டியா இருக்கற சீட்டு 900 ரூபாய்க்கு மாத்துனேன். ஒசரமும் முக்கியம், பெடல் கீழ இருக்கறப்ப குதிகால அதுல வெச்சா கால் நேரா நீளணும், அந்த அளவுக்கு சீட்ட ஏத்தணும். நம்ம ஊருல முக்காவாசி பேரு சீட்ட எறக்கி வெச்சு முட்டிய மடக்கி மடக்கி மிதிக்கறோம், அப்பறம் முட்டி வலிக்குதுன்னு சைக்கிள ஓரங்கட்டிடறோம். டயரும் மாத்திட்டேன், கூட வந்தது மண்ணு ரோட்டுக்கான குண்டு பட்டன் டயர், தார் ரோட்டுல ஊம்னு சத்தம் போட்டு இழுக்கும், வழுவழுப்பா இருக்கறத போட்டு காத்து 50 பிஎஸ்ஐ வெச்ச பிறகு வண்டி தானா போற மாதிரி இருந்துச்சு.

இப்ப நல்லது. கியர்தான் இந்த வண்டியோட உசுரு. முன்னாடி இருக்கற சின்ன சக்கரத்துல 24 பல்லு, பின்னாடி பெரிய சக்கரத்துல 28 பல்லு, ரெண்டையும் சேத்து போட்டா பெடல் ஒரு சுத்து சுத்துறதுக்கு வீலு ஒரு சுத்துகூட முழுசா சுத்தாது. வேகம் நடக்கற வேகம்தான், ஆனா 41 வயசுல தொப்பை வெச்சிருக்கற என் காலும் மலை ஏறுதுன்னா அதுக்கு இந்த 24ம் 28ம்தான் காரணம். 7 கியர் மட்டும் இருக்கற வண்டி சமவெளிக்கு போதும், மலை ஆசை இருந்தா முன்னாடி 3 சக்கரம் இருக்கறதா பாத்து வாங்குங்க.

மொத நாள் 3 கிலோமீட்டர் போயிட்டு மூச்சு வாங்கி டீக்கடைல உக்காந்துட்டேன். அப்பறம் தெனம் காலைல 5 மணிக்கு, கோட்டைய சுத்தி ஒரு ரவுண்டு, ஞாயித்துக்கெழம மோகனூர் காவிரி வரைக்கும் போயி காலு நனச்சுட்டு வர்றது, போக வர 40 கிலோமீட்டர் கிட்ட வரும். ராத்திரி 1 மணி வரைக்கும் முழிச்சிருந்த மனுசன் 9.30க்கு தானா தூங்குனேன், போன ஒளிச்சு வெக்க வேண்டிய வேலையே இல்ல, ஒடம்பு அசந்து போச்சுன்னா கை அத தேடறதில்ல. ஐப்பசி கார்த்திகைல மழைக்கு நடுவுல விட்டு விட்டு ஓட்டுனேன். தை மாசம் ஒரு ஞாயித்துக்கெழம, கெளம்பிட்டேன்.

காலைல 4.45க்கு லைட்ட போட்டுட்டு கெளம்பி சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியா காரவள்ளி அடிவாரத்துக்கு வர்றப்ப 6.30. அங்க ரெண்டு இட்லி, ஒரு டீ. மொத வளைவுல இருந்து ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட்ட போர்டு இருக்கு, மொத்தம் 70ன்னு தெரிஞ்சே ஏறணும், அதுதான் கஷ்டம், 9ன்னு போர்ட பாத்தா இன்னும் 61ன்னு மனசு கணக்கு போடும். 15க்கு மேல போர்ட பாக்கறத விட்டுட்டேன், முன் வீலுக்கு ஒரு கஜ தூரம் முன்னாடி இருக்கற தார மட்டும் பாத்து மிதிச்சேன். வளைவுல உள்பக்கம் செங்குத்தா இருக்கும், வெளிப்பக்கம் கொஞ்சம் சாய்வு கம்மி, எதுக்க வண்டி வரலன்னு தெரிஞ்சா மட்டும் வெளிப்பக்கமா அகலமா சுத்தலாம். இருபதுக்கு மேல ஒரு எடத்துல கொரங்கு ஒண்ணு கேரியர்ல கட்டிருந்த வாழப்பழத்த பையோட உருவிட்டு போயிருச்சு, பைய உள்ள வெச்சு கட்டுங்க.

நாப்பத்தி ஒண்ணாவது வளைவுல கியர தப்பா மாத்தி செயின் கழண்டு பல்லுக்கும் ஃபிரேமுக்கும் நடுவுல மாட்டிக்கிச்சு. சுத்தி ஒரு ஆளு இல்ல. வண்டிய கவுத்து வெச்சு, குச்சி விட்டு நெம்பி, கையால பெடல பின்னாடி சுத்தி மெதுவா ஏத்தி விட்டேன், கை ரெண்டும் முட்டி வரைக்கும் கருப்பு. செயின் டக்குன்னு பல்லுல உக்காந்த சத்தம் கேட்டப்ப எனக்கு கண்ணு கலங்கிருச்சு, உண்மைய சொல்றேன். எத்தன வருஷமா என் கையால ஒண்ண சரி பண்ணி அது ஓடி பாத்ததில்ல.

அம்பதுக்கு மேல காத்து மாறிருச்சு. கீழ இருந்த வேர்வ எல்லாம் சில்லுன்னு ஆயி முதுகுல ஒட்டுது, சில்வர் ஓக் மரத்துல மொளகு கொடி சுத்தி ஏறிருக்கு, ரோட்டோரமா தார்ப்பாய்ல மொளகு காயப்போட்டு ஒரு பாட்டி கால நீட்டி உக்காந்திருந்தாங்க. "எங்கிருந்து கண்ணு வர்ற?"ன்னாங்க. நாமக்கல்லுங்கன்னேன். "இத மிதிச்சுக்கிட்டேவா?"ன்னு கேட்டு சைக்கிள ஒரு தடவ, என்னய ஒரு தடவ பாத்துட்டு சொம்புல தண்ணி குடுத்தாங்க, பச்ச மொளகு சரம் ஒண்ண ஒடச்சு கையில வெச்சு "ரெண்டு மணிய கடி, நெஞ்சு சளி புடிக்காது"ன்னாங்க. அந்த காரம் தொண்டைல இறங்குனது இப்ப எழுதறப்பகூட இருக்கு. திரும்பி பாத்தா நான் வந்த ரோடு கயிறு மாதிரி மடங்கி மடங்கி கீழ கெடக்கு, அதுக்கும் கீழ ஊரெல்லாம் பனிக்குள்ள.

வளைவெல்லாம் முடிஞ்சு மலை மேல இருக்கற சோளக்காடு வந்து சேந்தப்ப மணி 10.20, நின்னது எல்லாம் சேத்து நாலு மணி நேரத்துக்கு ஒரு பத்து நிமிஷம் கொறச்சல். அப்படியே செம்மேடு வரைக்கும் போயி, ஒரே அம்புல யானை, புலி, மான், பன்னி, உடும்பு அஞ்சையும் வீழ்த்துனவன்னு சங்கப் பாட்டு சொல்ற வல்வில் ஓரி செலைக்கு கீழ வண்டிய சாத்தி வெச்சேன். 10 வயசுல அப்பா தோள்மேல ஒக்காந்து பாத்த செல. அப்பா இப்ப இல்ல.

எறக்கம் பத்தி தனியா சொல்லணும், ஏறுறதவிட எறங்கறதுதான் ஆபத்து. ப்ரேக்க லேசா புடிச்சுக்கிட்டே எறங்குனா டிஸ்க் சூடாயி கருகுன வாசம் வரும், அப்பறம் எவ்ளோ அழுத்துனாலும் புடிக்காது. வளைவுக்கு முன்னாடியே ரெண்டு ப்ரேக்கையும் சேத்து புடிச்சு வேகத்த நல்லா கொறச்சுட்டு வளைவுக்குள்ள போகணும், நேரான எடத்துல விட்டு விட்டு ஆற விடணும். நான் 10 வளைவுக்கு ஒருக்கா நிறுத்தி ஆற வெச்சேன், டிஸ்க்க மட்டும் கையால தொட்றாதீங்க, தோலு உரிஞ்சிரும். பஸ்ஸு மேல ஏறி வந்தா ரோட்டு அகலம் முழுக்க அதுக்குதான் வேணும், ஓரமா எறங்கி நின்னு வழி விடுங்க, ஏறுற வண்டிக்குதான் முன்னுரிமை. ஹெல்மெட் இல்லாம அந்த ரோட்டுல எறங்காதீங்க. கீழ வந்த பிறகு பாத்தா ப்ரேக் பேடு பாதி தேஞ்சிருக்கு, ஜோடி 250 ரூபாய்னு ரெண்டு பக்கமும் மாத்திட்டேன். ப்ரேக்குக்கு 5க்கு 3 தான் குடுப்பேன், கியருக்கு 5க்கு 5, சீட்டுக்கு 1. மொத்தத்துல 4.

ஓடிடிய திரும்பி போடல. சனிக்கெழம வீட்டுல எல்லாரும் சேந்து ஒரு படம் பாக்கறோம், அது போதும். எம்பொண்ணுக்கு 10 வயசு, நான் கொண்டுவந்த மொளகு சரத்த பென்சில் டப்பால வெச்சிருக்கா, மோகனூருக்கு அவளும் வர்றாளாம். 24 இஞ்ச் வீலு, கியர் வண்டி, நாமக்கல் ராசிபுரம் பக்கம் யாராச்சும் நல்ல கண்டிஷன்ல வெச்சிருந்தா சொல்லுங்க, கேரியர் இல்லாட்டியும் பரவால்ல, நான் மாட்டிக்கறேன்.