நான்கு ஆண்டுகளாக வீட்டில் ஒரு பவளத் தொட்டி: விளிம்புச் சட்டமில்லாத கடல்நீர்த் தொட்டியின் பயன்பாட்டு அனுபவம்

சிங்கப்பூர் ஈசூனில் உள்ள எங்கள் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் வரவேற்பறையில், விளிம்புச் சட்டமில்லாத கடல்நீர்ப் பவளத் தொட்டி ஒன்று 2021 ஜூன் மாதத்திலிருந்து இயங்கி வருகிறது. அளவு கொடுத்துச் செய்யச் சொல்லி வாங்கிய தொட்டி அது: 90 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரம். கீழே அலமாரிக்குள் இருக்கும், நீரை வடிகட்டும் துணைத் தொட்டியான சம்ப்பையும் சேர்த்தால் ஏறத்தாழ 230 லிட்டர் கடல்நீர் சுற்றுகிறது. வாங்கிய முதல் மாதத்தில் எழுதியிருந்தால் கண்ணாடியின் தெளிவைப் பற்றி மட்டுமே எழுதியிருப்பேன். நான்கு ஆண்டுகள் கழித்து எழுத நினைப்பது வேறு. கண்ணுக்குத் தெரியும் இடத்தில் செலவழித்த பணத்தால் எனக்கு ஒரு தொல்லையும் வரவில்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்தில், அதாவது அலமாரியிலும் நீரிலும் குளிரூட்டியிலும், மிச்சம் பிடிக்கப் பார்த்த பணத்தைத்தான் ஒவ்வொரு முறையும் வட்டியோடு கட்ட வேண்டியிருந்தது.

முதலில் எடை. நீர், 12 மி.மீ. கண்ணாடி, பாறை, அலமாரி எல்லாம் சேர்ந்து 370 கிலோவுக்கு வந்தது. அந்த எடை முழுவதும் அரைச் சதுர மீட்டருக்கும் குறைவான இடத்தில் உட்காருகிறது. வீவக வீட்டுத் தரைக்குச் சதுர மீட்டருக்கு 150 கிலோ என்பதே பொதுவான சுமைக் கணக்கு என்பதால், நான் முதலில் ஆசைப்பட்ட நான்கடித் தொட்டியைப் பற்றிக் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரிடம் கேட்டேன். அளவைக் குறைத்ததும், தூணும் உத்தரமும் சேரும் மூலையை ஒட்டித் தொட்டியை வைத்ததும் அவருடைய அறிவுரைப்படிதான். கடைக்காரரிடம் கேட்டு முடிவு செய்யக்கூடிய விஷயம் இதுவன்று.

விளிம்புச் சட்டம் வெறும் அலங்காரம் என்று பலர் நினைக்கிறார்கள். கண்ணாடியின் மேல்விளிம்பு வெளிப்புறமாக வளையாமல் பிடித்துக்கொள்வதும், நீர்மட்டத்தை மறைப்பதும் அந்தச் சட்டம்தான். அதை எடுத்துவிட்டால் முதல் வேலையைக் கண்ணாடியின் கனம் செய்தாக வேண்டும். இரண்டாவது வேலையைச் செய்ய எதுவுமே கிடையாது. இந்த உயரத்துக்கு 10 மி.மீ. போதும் என்று தொட்டி செய்தவர் சொன்னார்; நான் 12 மி.மீ. கேட்டேன். நீர் நிரப்பிய பிறகு முன்கண்ணாடியின் மேல்விளிம்பில் எஃகு அளவுகோலை வைத்துப் பார்த்தபோது நடுவில் வளைவு 1 மி.மீட்டரைத் தாண்டவில்லை. முன்பக்கமும் இரு பக்கவாட்டுகளும் இரும்புச் சத்துக் குறைந்த தெளிந்த கண்ணாடி; பின்பக்கமும் அடிப்பலகையும் சாதாரணக் கண்ணாடி. சாதாரணக் கண்ணாடியின் பச்சைச் சாயல் பவளத்தின் ஊதாவையும் இளஞ்சிவப்பையும் மங்கச் செய்துவிடும் என்பதால் அந்தக் கூடுதல் செலவு தகும்.

மட்டம் பார்ப்பதற்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். ரசமட்டக் கருவி சரியென்று காட்டிய பிறகும், 10 செ.மீ. உயரத்துக்கு நீர் விட்டு, இரு மூலைகளிலும் விளிம்பிலிருந்து நீர்மட்டம் வரை அளந்து பார்த்தேன். இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் 3 மி.மீ. வேறுபாடு இருந்தது. சட்டம் உள்ள தொட்டியில் அது கண்ணில் படாது. இதிலோ, சோபாவில் உட்கார்ந்து பார்த்தாலே நீர் சாய்ந்து நிற்பது தெரிந்தது. நீரை வெளியேற்றி, அலமாரியின் கால் திருகுகளைச் சிறிது சிறிதாகத் திருப்பி, மறுபடியும் நிரப்பி அளந்தேன். மூன்றாம் முறை சரியானது. தொட்டிக்கும் அலமாரிக்கும் இடையில் 10 மி.மீ. நுரைப்பாய் கட்டாயம் வேண்டும். அடிக்கண்ணாடி முழுவதும் பலகையில் உட்காருவதால், இடையில் ஒரு மணற்பரல் அகப்பட்டாலும் அந்தப் புள்ளியிலிருந்து விரிசல் தொடங்கலாம். மட்டம் சரியில்லையென்றால் அலமாரிக்கு அடியில்தான் திருத்த வேண்டும்; தொட்டிக்கு அடியில் எதையும் செருகக் கூடாது.

அந்த அலமாரியே பின்னர் பெரிய வேதனையைத் தந்தது. தச்சுக் கடை ஒன்றில் அழுத்தப்பலகையில் செய்து, மேலே வெள்ளை லேமினேட் ஒட்டித் தந்தார்கள். உட்பக்க ஓரங்களையும் குழாய்க்காக வெட்டிய துளைகளையும் அடைத்து மூடச் சொல்லியிருந்தேன். அவர்கள் செய்யவில்லை, நானும் டார்ச் அடித்துச் சரிபார்க்கவில்லை. சம்பில், கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் கருவி இடைவிடாமல் குமிழ் விடுவதால் அலமாரிக்குள் உப்பு ஈரம் எப்போதும் நிற்கும். இரண்டாம் ஆண்டு இறுதியில் ஒரு கதவு மூட மறுத்தது. குனிந்து பார்த்தபோது, துளையைச் சுற்றிப் பலகை ஊறிய பிஸ்கட்டைப் போல உப்பியிருந்தது. நகத்தால் அழுத்தினால் உள்ளே போயிற்று. அதற்கு மேலே 250 கிலோவுக்கு மேல் நின்றுகொண்டிருந்தது. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

அலுமினியச் சட்டத்தில் புதிய தாங்கி செய்ய மூன்று வாரம் ஆனது. மாற்றிய நாளில், பவளங்களையும் மீன்களையும் மூடியுள்ள பெட்டிகளில் காற்றுக்கல்லோடு வைத்து, பழைய நீரில் பாதிக்கு மேல் பாத்திரங்களில் சேமித்து, பக்கத்து வீட்டு அண்ணனும் அவருடைய மகன்களும் என் கணவரும் சேர்ந்து வெற்றுத் தொட்டியைத் தூக்கினார்கள். காலை எட்டு மணிக்குத் தொடங்கிய வேலை இரவு பத்து மணிக்கு முடிந்தது. உயிர்கள் தப்பின, ஒரு மேசைப் பவளம் மட்டும் அடுத்த வாரம் அடியிலிருந்து உரிந்து போனது. கண்ணாடிக்குக் கொடுத்த கூடுதல் காசில் பாதியை முதலிலேயே அலுமினியத்துக்குக் கொடுத்திருந்தால் அந்த நாளே வந்திருக்காது.

நீரைப் பற்றி. இங்கே குழாய்நீரில் குளோரமின் கலக்கப்படுகிறது. சாதாரண குளோரினைப் போல ஒரு நாள் திறந்து வைத்தால் அது பறந்துவிடாது. கார்பன் வடிகட்டியில் சிதையும்போது அம்மோனியாவை விட்டுச் செல்லும். ஆகவே நல்ல கார்பன், கரைந்த உப்புகளைத் தடுக்கும் ஆர்ஓ சவ்வு, அதற்குப் பின் எஞ்சிய அயனிகளைப் பிடிக்கும் டிஐ ரெசின் என்ற வரிசை தேவை. கடைசியில், நீரில் கரைந்திருப்பவற்றை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் சுழி காட்ட வேண்டும். 2 அல்லது 3 காட்டத் தொடங்கியதும் நான் ரெசினை மாற்றிவிடுகிறேன். உப்புத்தன்மையை ஆயிரத்துக்கு 35 என்ற அளவில் வைத்திருக்கிறேன். அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை 35க்கான அளவுத்திருத்தக் கரைசலால் மாதம் ஒருமுறை சரிபார்ப்பதும் உண்டு.

மேல் திறந்த தொட்டி என்பதால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 லிட்டர் ஆவியாகிறது. போவது நீர் மட்டுமே. உப்பு அங்கேயே தங்கிவிடும். மூன்று நாள் கவனிக்காவிட்டால் 35 என்பது 36.4 ஆகிவிடும் என்பதால் தானியங்கி நீர்நிரப்பி இல்லாமல் இந்தத் தொட்டியைத் தொடங்கவே வேண்டாம். திறந்த மேற்பகுதியின் இன்னொரு விளைவை நான் தாமதமாகக் கற்றேன். ஆறு கோட்டு ராஸ் மீன் ஒன்று நான்காம் மாதத்தில் இரவில் துள்ளி வெளியே விழுந்து, காலையில் சோபாவுக்கு அடியில் காய்ந்து கிடந்தது. வலைமூடி வைத்தால் அழகு கெடும் என்று தள்ளிப்போட்டது என் தவறு. இப்போது கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஒளிபுகு வலையை அளவெடுத்துப் பொருத்தியிருக்கிறேன். முதல் மீன் வருவதற்கு முன்பே அதைச் செய்துவிடுங்கள்.

சிங்கப்பூர் வெப்பத்தில் சில்லர் என்னும் நீர்க் குளிரூட்டி தவிர்க்க முடியாதது. பகலில் எங்கள் வரவேற்பறை 30 பாகையைத் தாண்டும். தொட்டியோ 26 பாகையில் இருக்க வேண்டும். பத்தில் ஒரு பங்கு குதிரைத்திறன் கொண்டதை முதலில் வாங்கினேன். அது நின்று இளைப்பாற நேரமின்றி ஓடி, பதினான்காம் மாதத்தில் அடங்கியது. கால் குதிரைத்திறன் கொண்டதற்கு மாறிய பிறகு அது ஒரு மணி நேரத்துக்குள் பதினைந்து நிமிடம்தான் ஓடுகிறது, மின்செலவும் கூடவில்லை. விளக்கு, பம்புகள், சில்லர் எல்லாவற்றுக்கும் சேர்த்து மாதம் ஏறத்தாழ 45 சிங்கப்பூர் வெள்ளி ஆகிறது.

இனி நான் மிகவும் தடுமாறிய கட்டம். உயிரற்ற காய்ந்த பாறையில் தொடங்கி, நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றப் பழகும்வரை ஐந்து வாரம் காத்திருந்தேன். அதற்குப் பின் பழுப்புப் படலமும் பச்சைப் பாசியும் வரிசையாக வந்து போயின. அவை எல்லாத் தொட்டிக்கும் வருபவை. ஆனால் பாசியைப் பார்த்துப் பயந்து பாஸ்பேட் நீக்கியை அளவுக்கு மேல் போட்டேன். ஐந்தாம் மாதத்தில் சோதனைகள் நைட்ரேட்டும் சுழி, பாஸ்பேட்டும் சுழி என்று காட்ட, நான் மகிழ்ச்சியடைந்தேன். பத்து நாளில் மணல்மீது பழுப்பு நிறச் சளி நூல்கள் தோன்றின. நண்பகலில் அவற்றின் நுனியில் குமிழ்கள் நிற்கும், இரவில் மறைந்துவிடும், மறுநாள் மதியத்துக்குள் முன்பைவிட அதிகமாக வந்திருக்கும். பாசியை மேய விட்டிருந்த டர்போ நத்தைகள் ஒவ்வொன்றாக மல்லாந்து விழுந்தன.

மகனின் பள்ளி நுண்ணோக்கியில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தபோது, துளி வடிவ உயிரணுக்கள், முளையில் கட்டிய கன்றைப் போல, ஒரு முனையை மையமாக வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தன. ஆஸ்ட்ரியாப்சிஸ் என்னும் டைனோஃபிளாஜலேட் (ஒற்றை உயிரணு நுண்ணுயிர்) வகை. போட்டிக்கு நிற்கும் மற்ற உயிர்கள் பட்டினியால் ஒடுங்கிய தொட்டியில்தான் அது செழிக்கும் என்று படித்ததும், நான் செய்த தவறு புரிந்தது. பாஸ்பேட் நீக்கியை எடுத்தேன். லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் நைட்ரேட்டை 8க்கும் பாஸ்பேட்டை 0.08க்கும் மெல்ல உயர்த்தினேன். இந்த வகை இரவில் மணலை விட்டு நீருக்குள் மிதக்கும் என்பதால், ஓடும் நீரில் உள்ள நுண்ணுயிர்களைக் கொல்லும் புறஊதா விளக்குக் கருவி பலன் தந்தது. ஏழு வாரத்தில் தொட்டி மீண்டது. நீர் எவ்வளவு தூய்மையோ அவ்வளவு நல்லது என்ற எண்ணம் பவளத் தொட்டியில் செல்லாது. பவளமும் பசிக்கும் உயிர்தான்.

கடினப் பவளம் தன் எலும்புக்கூட்டைக் கட்ட கால்சியத்தையும் கார்பனேட்டையும் நீரிலிருந்து எடுத்துக்கொள்கிறது. காரத்தன்மையை 8 டிகேஎச் (அதை அளக்கும் அலகு), கால்சியத்தை லிட்டருக்கு 420 மி.கி., மக்னீசியத்தை 1,300 மி.கி. என்ற அளவுகளில் வைத்திருக்கிறேன். ஆனால் எண்ணைவிட அது ஆடாமல் நிற்பதுதான் முக்கியம். எங்கள் தொட்டி ஒரு நாளில் ஏறத்தாழ 1 டிகேஎச் காரத்தன்மையைத் தின்கிறது. அதை ஈடுசெய்ய நான் இப்போது நம்பியிருப்பது நம் வீடுகளுக்குப் பழக்கமான சுண்ணாம்புத் தெளிநீர். தூய கால்சியம் ஹைட்ராக்சைடை லிட்டருக்கு 1 கிராம் வீதம் கலக்கி, தெளிந்த நீரை மட்டும் எடுத்து, ஆவியாகும் 3 லிட்டருக்கு ஈடாக நாள் முழுவதும் சொட்டவிட்டால் கணக்குச் சரியாக முடிந்துவிடுகிறது. வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பில் வேறு பொருள்கள் கலந்திருக்கலாம் என்பதால் அதைப் பயன்படுத்தக் கூடாது. தெளிநீர் கடும் காரம். ஒரே நேரத்தில் முழுவதும் கொட்டினால் தொட்டி அழியும். அதனால் ஒரு நாளுக்குத் தேவையானதைவிட அதிகம் கொள்ளாத சிறு கலத்தில்தான் அதை வைக்கிறேன். இரவில் சாளரங்களை மூடி எல்லோரும் உறங்கும்போதும், தீபாவளியன்று உறவினர்கள் கூடும்போதும், அறையில் கரியமில வாயு கூடி நீரின் பிஎச் 7.8க்கு இறங்குவதைக் கருவியில் பார்த்திருக்கிறேன். தெளிநீர் அந்த இறக்கத்தையும் ஓரளவு தாங்குகிறது.

மீன்கள் குறைவு: பண்ணையில் பிறந்த கோமாளி மீன் இணை ஒன்று, மஞ்சள் கோபி ஒன்று, அதனோடு ஒரே வளையில் வாழும் பிஸ்டல் இறால் ஒன்று. மஞ்சள் டாங் வேண்டும் என்று மகன் கேட்டான்; மூன்றடித் தொட்டி அதற்குப் போதாது என்று சொல்லி மறுத்துவிட்டேன். ஸோவாந்திட் என்னும், பொத்தான் போன்ற மென்பவளங்களைத் தொடும் எவரும் கையுறையும் கண்ணாடியும் அணிய வேண்டும். அவற்றில் சில இனங்களில் பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. அவை ஒட்டிய பாறையைக் கொதிநீரில் போடுவது உயிருக்கே ஆபத்து.

எங்கள் பவளங்கள் எல்லாம் பிறர் தொட்டிகளில் வளர்ந்து வெட்டிக் கொடுக்கப்பட்ட துண்டுகள். கடலிலிருந்து எடுத்ததை வாங்குவதில்லை என்று தொடக்கத்திலேயே முடிவு செய்திருந்தேன். சிங்கப்பூரின் கடலில் 250க்கு மேற்பட்ட கடினப் பவள இனங்கள் பதிவாகியிருக்கின்றன என்பது இங்கே பலருக்குத் தெரியாது. 2014இல் நாட்டின் முதல் கடல் பூங்காவாக அறிவிக்கப்பட்ட சிஸ்டர்ஸ் தீவுகளுக்கு ஒருமுறை நீர் வற்றும் நேரத்தில் போனபோது, என் தொட்டியில் உள்ள அதே பேரினங்கள் கலங்கிய நீரில் வெயிலைத் தாங்கி நிற்பதைக் கண்டேன். 2024இல் கடல் சூடேறி இங்கும் பவளங்கள் வெளிறின. சில்லர் பழுதான அன்று நீர் 30 பாகைக்கு ஏறியதற்கே என் பவளங்கள் சுருங்கியதைப் பார்த்தவள் என்பதால், அந்தச் செய்தியை வேறு மாதிரி படித்தேன்.

என் தந்தை கீழக்கரைக்காரர். மன்னார் வளைகுடாவில் பவளத்திட்டைப் ‘பார்’ என்றுதான் சொல்வார்கள். சென்ற ஆண்டு வந்திருந்தவர் தொட்டியின் முன் நெடுநேரம் நின்றுவிட்டு, “பாரையே கூடத்துல கொண்டாந்து வச்சிருக்கியேம்மா, நாளைக்கு இது பெருத்தா எங்கே வைப்பே?” என்று கேட்டார்.

அவர் கேட்டது சரியான கேள்விதான். ஒற்றைத் தலையாக வாங்கிய டார்ச் பவளம் இப்போது பதினொரு தலையாகி, பக்கத்திலுள்ள பவளத்தைக் கொட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. முதல் ஆண்டில் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 5,200 வெள்ளி செலவானது. வாரத்துக்கு மூன்று மணி நேர வேலை இன்றும் இருக்கிறது. இந்தச் சனிக்கிழமை டார்ச்சின் நான்கு தலைகளை வெட்டியெடுக்கப் போகிறேன். இரண்டு, அன்று தொட்டியைத் தூக்கிய பக்கத்து வீட்டு அண்ணனுக்கு. அவரும் சிறு தொட்டி ஒன்றைத் தொடங்கியிருக்கிறார், அலமாரி அலுமினியத்தில்.