சால்னா டப்பாவும் அதன் பாழாய்ப்போன வாஷரும்

புரோட்டாக் கடைக்குப் பாத்திரம் கொண்டுபோக நாலு கிளிப் எவர்சில்வர் டப்பா வாங்கலாமா, வீட்டிலிருக்கும் தூக்குவாளியே போதுமா என்று கேட்கிறார்கள். இரண்டு வருடமாக இரண்டும் மாறி மாறிப் புழக்கத்தில் இருக்கின்றன. தகட்டில் குறையில்லை. காந்தம் ஒட்டவில்லை, அதனால் இது 304 என்ற உயர்ந்த எவர்சில்வர் ரகம்தான் என்று கடைக்காரர் சொன்னால் மட்டும் நம்ப வேண்டாம், விலை குறைந்த 202 ரகத்திலும் பெரும்பாலும் ஒட்டாது. பிரச்சினை எல்லாம் மூடிக்குள் ஓடும் சிலிகான் வாஷர்.

சூடு அதை ஒன்றும் செய்யாது. எண்ணெய்தான் எமன். சால்னாவின் மேலே மிதக்கும் சிவப்பு எண்ணெயை சிலிகான் உறிஞ்சிக்கொள்ளும். பட்டை, சோம்பு வாசனையும் கூடவே ஏறும். அடுத்த நாள் அதே டப்பாவில் தயிர் வாங்கினால் தயிரில் சால்னா மணக்கும். எலுமிச்சை மணமுள்ள பாத்திர லிக்விடில் ஊறப் போட்டால் அந்த மணமும் ஏறிக்கொள்ளும், அப்புறம் தயிரில் சோப்பு மணக்கும்.

வாஷரைக் கரண்டிக் காம்பால் நெம்பி எடுங்கள். கத்தி வேண்டாம், சின்னக் கீறல் விழுந்தாலே அந்த இடத்தில் கசியும். கடலைமாவு தேய்த்து எண்ணெயை எடுத்துவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் சோடா உப்பு போட்டுப் பத்து நிமிடம் கொதிக்க வையுங்கள். பிறகு ஒருநாள் வெயில், மதுரையில் அதற்குப் பஞ்சமில்லை. மாட்டும்போது நாலு மூலையையும் முதலில் அழுத்திவிட்டு நடுப்பகுதியை உள்ளே தள்ள வேண்டும். பள்ளத்தில் ஈரம் நின்றால் கறுப்புப் பூஞ்சை கட்டும். இவ்வளவும் செய்தால் வாசம் முக்கால்வாசி போகும். கால்வாசி போகவே போகாது. எண்ணெயில் ஊறி உப்பிய வாஷர் பள்ளத்தில் உட்காராமல் பிதுங்க ஆரம்பித்தால் மாற்றியே ஆக வேண்டும். தனி வாஷர் கேட்டால், மூடியோடுதான் தருவோம் என்கிறார்கள்.

மூடுவதிலும் பக்குவம் உண்டு. கொதிக்கக் கொதிக்க ஊற்றியதும் அடைத்தால் ஆவி முட்டி ஓரத்தில் சால்னா கக்கும். ஆறிய பிறகு அதே மூடி உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு திறக்காது. டப்பாவை வெந்நீரில் இரண்டு நிமிடம் வைத்தால் இளகும். முக்கால் பாகம் ஊற்றி, இரண்டு நிமிடம் ஆவி போகவிட்டு, எதிரெதிர் கிளிப்பாக அடைப்பதுதான் சரி.

தூக்குவாளிக்கு இந்தத் தொல்லை ஒன்றுமில்லை. வாஷரும் இல்லை, கிளிப்பும் இல்லை. வண்டியில் மாட்டினால் வேகத்தடையில் சிந்தும் என்பது உண்மைதான். வாளி வாயில் ஒரு துண்டு வாழை இலையை விரித்து அதன்மேல் மூடியை அழுத்தினால் பாதிச் சிந்தல் நிற்கும். இலை கடையிலேயே கிடைக்கும். புரோட்டாவுக்கும் அடியில் இலை போடுங்கள், வெறும் எவர்சில்வரில் வைத்தால் வியர்த்து நைந்துபோகும்.

எதிர்பாராத லாபம் ஒன்று உண்டு. கவரில் கட்டும்போது அளந்து ஊற்றும் மாஸ்டர், வாய் அகன்ற பாத்திரத்தைக் கண்டால் இன்னொரு குழிக்கரண்டி சேர்த்தே ஊற்றுகிறார். கறிக்கடையில் மட்டும் உஷார்: வெறும் பாத்திரத்தைத் தராசில் வைத்து, எண் பூஜ்யமான பிறகே கறியைப் போடச் சொல்லுங்கள். இல்லையென்றால் 300 கிராம் எவர்சில்வரும் ஆட்டுக்கறி விலைக்கு வரும்.

ஒருமுறை பயன்படுத்தி வீசும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் இருக்கும் தடையில் வரும் பொருள்களில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் உண்டு. அதனால் கவருக்குப் பதில் காகித டப்பா தருகிறார்களே என்று நிம்மதியாக இருந்துவிட வேண்டாம், உள்பக்கம் பளபளக்கிறதா என்று பாருங்கள்.

ஆகவே, கிளிப் டப்பா வாங்காதீர்கள், தூக்குவாளி போதும். பஸ்ஸில் மேலூர், திருமங்கலம் பக்கம் போகிறவர்கள் மட்டும் கிளிப் டப்பாவே வாங்குங்கள், மடியில் வைத்தாலும் கொட்டாது. சால்னாவுக்கு ஒன்று, தயிருக்கு ஒன்று என்று இரண்டாக.