சப்குவெரியா, ஜாயினா? கேட்கும் கேள்வியைப் பொறுத்தது

சிங்கப்பூரில் தேக்கா பக்கம் உள்ள ஒரு துணைப்பாட நிலையத்தின் கட்டணக் கணக்கைச் சில காலம் பார்த்துக் கொடுத்தேன். பாக்கி வைத்திருக்கும் பிள்ளைகளின் பெற்றோரைப் பட்டியலிட டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி, அதாவது குவெரி, ஆமையாக நகர்ந்தது. “சப்குவெரியை எடுத்துட்டு ஜாயின் போடுங்கண்ணே” என்றார் உடன் வேலை பார்த்த தம்பி. சப்குவெரி என்பது குவெரிக்குள் எழுதும் இன்னொரு குவெரி; ஜாயின் என்பது இரண்டு டேபிளைச் சேர்ப்பது. போட்டேன். பட்டியல் உடனே வந்துவிட்டது. மறுநாள் பார்த்தால், இரண்டு பிள்ளைகளுக்கும் பாக்கி இருந்த வீடுகளுக்கு ஒரே நினைவூட்டல் இரண்டு முறை போயிருந்தது. ஒரு தாயார் நேரிலேயே வந்து, “ஒரு தடவை சொன்னால் போதாதா?” என்று வருத்தப்பட்டார். அவர் கேட்டது நியாயம்தான். தவறு என் குவெரியில் இருந்தது.

தம்பி சொன்னதற்கும் அடிப்படை உண்டு. நிலையத்தில் ஓடிய டேட்டாபேஸ் மென்பொருள் பழைய மைஎஸ்கியூஎல் 5.5. “இந்தப் பட்டியலில் இருக்கிறதா?” என்று கேட்கும் ‘இன்’ (IN) போட்ட சப்குவெரியை ஒருமுறை ஓட்டி விடையை எடுத்து வைத்துக்கொள்ள அதற்குத் தெரியாது. வெளி டேபிளில் உள்ள ஒவ்வொரு ரோவுக்கும் (வரிசைக்கும்) உள்ளே போய்த் தேடும். பெற்றோர் 2,000 பேர், ரசீது 30,000, தேடலைச் சுருக்கும் பொருத்தமான இண்டெக்ஸ் இல்லை என்று வைத்துக்கொண்டால், தேடல் 6 கோடி ரோ வரை போகலாம். 2013 பிப்ரவரியில் வந்த 5.6 பதிப்புதான் இப்படிப்பட்ட சப்குவெரியைத் தானாகவே செமிஜாயினாக (பொருத்தம் உண்டா என்று மட்டும் பார்த்து, ரோவைப் பெருக்காத ஜாயினாக) மாற்றக் கற்றுக்கொண்டது. 8.0.16 முதல் ‘எக்ஸிஸ்ட்ஸ்’ சப்குவெரிக்கும் அந்த வசதி வந்தது. ஆகவே “ஜாயின்தான் வேகம்” என்பது 5.5 காலத்தில் சரியான அறிவுரை. இன்றைய பதிப்பில் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

வேகத்தை விடப் பெரிய விஷயம், இரண்டும் கேட்கும் கேள்வியே வேறு என்பது. ‘எக்ஸிஸ்ட்ஸ்’, “இந்தப் பெற்றோருக்குப் பாக்கி இருக்கிறதா?” என்று கேட்கிறது. ஒரு பாக்கி இருந்தாலும் ஐந்து இருந்தாலும் விடை ஒன்றே. ஜாயின், “பெற்றோரையும் பாக்கியையும் ஜோடி சேர்த்துக் காட்டு” என்கிறது. ஜோடி எத்தனையோ அத்தனை ரோ வரும். ஆளைத் தேர்ந்தெடுக்க மட்டும் ஜாயின் போட்டால் ஆள் பெருகத்தான் செய்வார்.

உடனே, ஒரே மாதிரி வருவதை ஒன்றாக்கும் ‘டிஸ்டிங்க்ட்’ போடத்தான் கை போகும். நானும் அதைத்தான் செய்தேன். பெயர்ப்பட்டியல் சரியாகிவிட்டது. அப்புறம் நிலையப் பொறுப்பாளர் ஒரு வீட்டுக்கு மொத்தம் எத்தனை வெள்ளி பாக்கி என்று கேட்டார். கூட்டுத்தொகைக்குள்ளும் அதே ‘டிஸ்டிங்க்ட்’டைப் போட்டேன். இரட்டைப் பிள்ளைகள் உள்ள வீடு ஒன்று. ஆளுக்கு 180 வெள்ளி. 360 வர வேண்டிய இடத்தில் 180 என்று வந்தது. ஒரே தொகை இரண்டு முறை வந்தால் அது ஒன்றையே கூட்டும். ஜாயினில் பெருகிய ரோவை மூடி மறைக்க ‘டிஸ்டிங்க்ட்’ தேவைப்பட்டால், எழுதியிருப்பது தவறான ஜாயின் என்றே நான் இப்போது எடுத்துக்கொள்கிறேன்.

மொத்தத் தொகையும் பட்டியலில் வேண்டும் என்றால் ஜாயினே மேல். ஆனால் முதலில் பாக்கியை வீடுவாரியாக ‘குரூப் பை’ செய்து, வீட்டுக்கு ஒரு ரோ என்று சுருக்கி, பிறகு பெற்றோர் டேபிளோடு சேர்க்க வேண்டும். ஒவ்வொரு ரோவுக்கும் ஓடும் சப்குவெரி மூன்று நான்கு வைத்து அறிக்கை எழுதுவதைவிட இது படிக்கவும் எளிது.

சப்குவெரியை ஜாயினாக மாற்றும் வழியை ஆய்வாளர் வோன் கிம் 1982-இல் ஒரு ஆய்வுக் கட்டுரையில் எழுதினார். அந்த வழியில் ஓர் ஓட்டை இருப்பதைப் பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள். ‘கவுண்ட் பக்’ என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. இன்றைக்கும் எல்லாரும் அதில் விழுகிறோம். இந்த மாதம் யார் எத்தனை வகுப்புக்கு வந்தார்கள் என்று சப்குவெரியால் எண்ணினால், வராத பிள்ளைக்கு 0 வரும். ஜாயினாக மாற்றினால் அந்தப் பிள்ளையே காணாமல் போகும். ஆசிரியர் வீட்டுக்குப் போன் செய்ய வேண்டியதே அந்தப் பிள்ளைக்காகத்தான். ஜோடி கிடைக்காத ரோவையும் விடாமல் வைத்திருக்கும் லெஃப்ட் ஜாயின் போட்டு, நட்சத்திரக் குறியோடு (COUNT(*)) எண்ணினால் 1 என்று வரும், ஏனென்றால் வெற்று ரோவும் ஒரு ரோதான். வருகை டேபிளின் ஒரு நெடுவரிசையை (column) எண்ண வேண்டும். மாதத்துக்கான நிபந்தனையை ‘வேர்’ (WHERE) பகுதியில் வைக்காமல், ஜாயினின் ‘ஆன்’ (ON) பகுதியில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை திரும்பவும் மறைந்துவிடும்.

இன்னும் பணமே கட்டாதவர்களை எடுக்க ‘நாட் இன்’ வேண்டவே வேண்டாம். புத்தகம் மட்டும் வாங்கியவருக்குப் போட்ட ரசீதில் மாணவர் எண் காலியாக, அதாவது ‘நல்’ (NULL) ஆக இருந்தால் போதும்; பட்டியல் முழுவதும் காலியாகிவிடும். எல்லாரும் கட்டிவிட்டதுபோலத் தெரியும். ‘நாட் எக்ஸிஸ்ட்ஸ்’ஸுக்கு அந்தச் சிக்கல் இல்லை. போஸ்ட்கிரஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸ், பதிப்பு 17 வரை, ‘நாட் எக்ஸிஸ்ட்ஸ்’ஸைத்தான் ஆன்டிஜாயினாக (பொருத்தம் இல்லாத ரோவை மட்டும் எடுக்கும் ஜாயினாக) மாற்றுகிறது, ‘நாட் இன்’னை மாற்றுவதில்லை. வேகத்துக்கும் அதுவே நல்லது.

மாற்றி எழுதியது சரியா என்று பார்க்கப் பழைய குவெரிக்கும் புதியதற்கும் இடையே, ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாத ரோக்களைக் காட்டும் ‘எக்ஸெப்ட் ஆல்’ போடுங்கள், இரண்டு திசையிலும். மைஎஸ்கியூஎல்லில் 8.0.31 முதல் அது உண்டு. ‘ஆல்’ முக்கியம். வெறும் ‘எக்ஸெப்ட்’ ஒரே மாதிரி ரோக்களை ஒன்றாக்கிவிடும். அந்தத் தாயாருக்கு இரண்டாவதாகப் போன செய்தி அதன் கண்ணில் பட்டிருக்காது.