அம்மாவை ஆபீஸ் இன்சூரன்ஸில் சேர்த்து ஐந்து வருடம் ஆகிறது

அம்மாவை என் ஆபீஸின் மருத்துவ குரூப் பாலிசியில் (ஊழியர்களுக்கெல்லாம் சேர்த்துக் கம்பெனி எடுப்பது) சேர்த்தபோது அவருக்கு 63 வயது. இப்போது 68. இதுவரை மூன்று முறை கிளெய்ம் செய்திருக்கிறோம். நடுவில் நான் வேலையும் மாறினேன். சேர்த்ததில் எனக்கு முழு நிறைவுதான். ஆனால் பெயரைச் சேர்த்ததோடு வேலை முடிந்தது என்று முதல் இரண்டு வருடம் பாலிசியைப் படிக்காமலே இருந்துவிட்டேன். அதற்கான விலையைக் கொடுத்தோம்.

வேலையில் சேர்ந்த 30 நாளுக்குள் பெற்றோர் பெயரைக் கொடுக்க வேண்டும், விட்டால் அடுத்த ரெனியூவலில்தான். நான் விட்டேன். எட்டு மாதம் காத்திருந்தேன். அத்தனை நாளும் அம்மாவுக்கு லேசாகத் தலை சுற்றினாலே எனக்குப் பயம். பிறகு சேர்க்கும்போது அவருடைய பிறந்த தேதி இரண்டு ஆவணங்களில் இரண்டு விதமாக இருந்தது. அதை அப்போதே திருத்திவிட்டோம். இல்லையென்றால் அது ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போதுதான் பிரச்சினையாக வந்திருக்கும்.

எனக்கான பிரீமியத்தை கம்பெனி கட்டியது. அம்மாவுக்கானது என் சம்பளத்தில் பிடித்தம். "உன் சம்பளத்துல பிடிக்கிறாங்களாமே, எனக்கு எதுக்குப்பா இதெல்லாம்?" என்று பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு 12 வருடமாக சர்க்கரையும் பிரஷரும் உண்டு. தனியாகப் பாலிசி எடுத்தால், ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கு வருடக்கணக்கில் வெயிட்டிங் பீரியட் போடுவார்கள், அது முடியும்வரை அந்த நோய்களுக்குப் பணம் கிடைக்காது. எங்கள் குரூப் பாலிசியில் முதல் நாளிலிருந்தே கவர் இருந்தது. எல்லா குரூப் பாலிசியும் இப்படி இருக்காது. ஹெச்ஆர் வாயால் சொன்னால் போதாது, பாலிசி வாசகத்தில் எழுத்தாக இருக்கிறதா என்று பாருங்கள்.

முதல் இரண்டு கிளெய்ம், இரண்டு கண்ணிலும் கண்புரை அறுவை. கண்ணுக்கு இவ்வளவுதான் என்று பாலிசியில் தனி உச்சவரம்பு இருந்தது. லென்ஸ் விலையில் வந்த வித்தியாசத்தை நாங்கள் கட்டினோம். பெரிய சிரமம் இல்லை.

மூன்றாவதுதான் பாடம். இரவு 11 மணிக்கு மூச்சுத்திணறலோடு நிமோனியாவுக்கு அட்மிஷன். எந்த அறை என்று கேட்டார்கள். அம்மா நிம்மதியாகத் தூங்கட்டும் என்று தனி அறை கேட்டேன். பாலிசியில் அறை வாடகைக்கு ஒரு வரம்பு இருப்பது தெரியும். கூடுதல் வாடகையை மட்டும் கட்டினால் போதும் என்று நினைத்தேன். அப்படி இல்லை. நாங்கள் எடுத்த அறையின் வாடகை வரம்பைப் போல இரண்டு மடங்கு. அதனால் டாக்டர் ஃபீஸ், நர்ஸிங் என்று அறையோடு சேர்ந்த எல்லாவற்றிலும் பாதியைத்தான் ஏற்றார்கள். மருந்துக்கும் பரிசோதனைகளுக்கும் மட்டும் இந்தக் குறைப்பு இல்லை. ஏற்றுக்கொண்ட தொகையிலும் பெற்றோருக்கான கோ-பே, அதாவது நாமே கட்ட வேண்டிய பங்கு, 20 சதவீதம் போனது. முந்தைய வருடம் அது 10 தான். ரெனியூவல் மெயிலில் மாற்றத்தைத் தெரிவித்திருந்தார்கள், நான் திறந்தே பார்க்கவில்லை. கையுறை, முகக்கவசம் மாதிரியானவற்றுக்குப் பணம் கிடையாது. கூட்டிப் பார்த்தால் பில்லில் கிட்டத்தட்ட பாதி எங்கள் கையிலிருந்து போயிருந்தது. வரம்புக்குள் இருந்த இருவர் பகிரும் அறையை எடுத்திருந்தால், அதே டாக்டர், அதே மருந்து, செலவு மட்டும் பாதியைவிடக் குறைவு.

டிஸ்சார்ஜ் அன்று காலை 10 மணிக்கே டாக்டர் போகலாம் என்றுவிட்டார். இன்சூரன்ஸ் கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேராகப் பணம் கட்டும் கேஷ்லெஸ் முறைக்கான இறுதி அனுமதி வர மாலை ஆறானது. களைத்துப்போன வயதானவரை உட்காரவைத்துக்கொண்டு காத்திருப்பது கொடுமை. அடுத்த முறை முந்தின நாளே பில்லிங் பிரிவில் போய், டிஸ்சார்ஜ் சம்மரியை எப்போது அனுப்புவீர்கள் என்று கேட்டுவிடுவேன்.

மூன்றாம் வருடம் வேலை மாறினேன். கடைசி வேலை நாளோடு அம்மாவின் கவரும் முடிந்தது. புதிய கம்பெனியில் சேர மூன்று வாரம் இடைவெளி. அந்த மூன்று வாரமும் அவர் பெயரில் எதுவுமே இல்லை. என் வேலை போனால் அவருடைய பாதுகாப்பும் போகிறது என்பது அப்போதுதான் உறைத்தது. இத்தனைக்கும் வயது ஏற ஏறத்தான் அது அதிகம் தேவை.

புது ஆபீஸில் முதல் வாரமே அவர் பெயரைக் கொடுத்தேன். கூடவே தம்பியும் நானுமாக, அவருக்குத் தனியாக ஒரு பாலிசியும் எடுத்தோம். சர்க்கரை, பிரஷர் இரண்டையும் மறைக்காமல் எழுதிக் கொடுத்தோம். மூன்று வருட வெயிட்டிங் போட்டார்கள். அதுவரை ஆபீஸ் பாலிசி தாங்கும் என்பது எங்கள் கணக்கு. இரண்டு பிரீமியம் கட்டுவது பாரம்தான். ஆனாலும் 60 வயதுக்கு முன்பே இதை எடுத்திருக்கலாமே என்ற வருத்தம் எனக்கு உண்டு.

இப்போது இரண்டு பாலிசியின் இ-கார்டு நகலும், அறை வாடகை வரம்பைப் பெரிய எழுத்தில் எழுதிய தாளும் அம்மாவின் மருந்து டப்பாவிலேயே இருக்கின்றன. வெயிட்டிங் முடிய இன்னும் 11 மாதம்.