ஃபிரிட்ஜா, ஃப்ரீசரா: பாக்டீரியா எங்கே அடங்கும்?

ஃபிரிட்ஜில் வைத்த உணவு எத்தனை நாளானாலும் கெடாது என்ற நம்பிக்கை ஆபத்தானது. 4 டிகிரி செல்சியஸில், உணவை நஞ்சாக்கும் சால்மொனெல்லா என்ற பாக்டீரியா பெருகுவது ஏறக்குறைய நின்றுவிடும். ஆனால் அதேபோல் உணவில் பரவும் லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸ் என்ற பாக்டீரியா 0 டிகிரியை ஒட்டிய குளிரிலும் மெதுவாகப் பெருகும்.

அது எப்படி முடிகிறது? குளிரில் பாக்டீரியாவின் செல்சவ்வு, அதாவது செல்லைச் சுற்றியுள்ள மெல்லிய கொழுப்புப் படலம், உறைந்த நெய்போல இறுகும். இறுகினால் ஊட்டச்சத்து உள்ளே வராது. லிஸ்டீரியாவோ நீளம் குறைந்த, கிளைத்த கொழுப்பு அமிலங்களைச் சேர்த்துச் சவ்வை இளக்கமாக வைத்துக்கொள்கிறது. புரதம் செய்வதற்கான குறிப்பைச் சுமக்கும் ஆர்.என்.ஏ. இழைகள் குளிரில் முறுக்கிக்கொள்ளும்; அவற்றைக் குளிரதிர்ச்சிப் புரதங்கள் பிரித்துவிடுகின்றன. உணவிலிருந்தே பீட்டைன், கார்னிட்டைன் போன்ற காப்புப் பொருள்களையும் அது உறிஞ்சிச் சேமிக்கிறது. இத்தனை சின்ன உயிரிடம் இவ்வளவு ஏற்பாடா என்று எனக்கு வியப்புத்தான்!

ஃப்ரீசரின் மைனஸ் 18 டிகிரியில் எந்தப் பாக்டீரியாவும் பெருகாது. பனிப்படிகங்கள் சில செல்களைக் கிழித்துக் கொல்லும். உணவில் பரவும் இன்னொரு பாக்டீரியாவான கேம்பிலோபாக்டரின் எண்ணிக்கை கணிசமாகக் குறையும். லிஸ்டீரியா பெரும்பாலும் தப்பிவிடும். உறைந்ததை வெளியே எடுத்து இளக வைத்ததும் பிழைத்தவை மீண்டும் பெருகத் தொடங்கும்.

இரண்டு நாளில் தீரும் உணவுக்கு ஃபிரிட்ஜ் போதும். அதற்கு மேல் வைப்பதென்றால் ஃப்ரீசரே என் தேர்வு. உறைந்த உணவை ஃபிரிட்ஜுக்குள்ளேயே இளக வைத்து, உள்பகுதி 75 டிகிரியை எட்டும்வரை சூடாக்குங்கள். கர்ப்பிணிகளுக்கும் முதியவர்களுக்கும் பரிமாறும்போது இதில் சலுகையே கூடாது.