மூன்றாவதாகத் திறந்தால் மட்டும் வேலை செய்த 'லாக்'

கம்பெனி கணக்கு, விற்பனை, ஸ்டாக் எல்லாம் பார்க்கும் எஸ்ஏபி பிசினஸ் ஒன் சாஃப்ட்வேருக்கு ஆட்-ஆன், அதாவது கூடுதலாக ஒட்டவைக்கும் புரோகிராம், எழுதித் தருகிறோம் என்று யாராவது உங்கள் ஆபீஸ் படியேறி வந்தால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். நாங்கள் 1,80,000 ரூபாய் கொடுத்துவிட்டுக் கற்றுக்கொண்டது. கம்பெனி பெயரைக் கேட்காதீர்கள், சொல்லப் போவதில்லை.

கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்கிறோம். நான் அக்கவுண்ட்ஸ்; சாஃப்ட்வேர் தகராறும் என் தலையில்தான். நாங்கள் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. சேல்ஸ் ஆர்டரில் 8 சதவீதத்துக்கு மேல் டிஸ்கவுண்ட் போட்டால் சேவ் ஆகக் கூடாது. லேத் வேலைக்கு வெளியே போகும் வார்ப்புகளைப் பதிய ஒரு ஜாப் ஒர்க் ஸ்கிரீன், அதைத் திறக்க ஒரு பட்டன். ஸ்டோர்ஸ் ஆட்கள் கஸ்டமர் மாஸ்டரை, அதாவது கஸ்டமர் விவரமெல்லாம் இருக்கும் ஸ்கிரீனை, பார்க்கக் கூடாது. அவ்வளவுதான்.

டெமோ பிரமாதம். வந்த பையன் முதலில் ஐட்டம் மாஸ்டரைத் திறந்தான், அடுத்து கஸ்டமர், அப்புறம் சேல்ஸ் ஆர்டர். 12 என்று அடித்தான், சிவப்பில் எரர் வந்தது. முதலாளி கைதட்டாத குறை. அன்றைக்கே முழுப் பணமும் போய்விட்டது. அது எங்கள் முட்டாள்தனம்.

திங்கட்கிழமை பில்லிங் பெண் வந்து நின்றாள். "அண்ணா, டிஸ்கவுண்ட் சிலசமயம் தடுக்குது, சிலசமயம் விட்டுடுதுங்க." நான் போய் உட்கார்ந்தால் தடுக்கிறது. அவள் உட்கார்ந்தால் விட்டுவிடுகிறது. ரெண்டு நாள் அவள் மேல்தான் சந்தேகப்பட்டேன், அதற்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது. மூன்றாம் நாள் பக்கத்தில் நாற்காலி போட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது. காலையில் வந்ததும் அவள் நேராக சேல்ஸ் ஆர்டரைத் திறக்கிறாள். நானோ டெமோவில் பார்த்த பழக்கத்தில் ஐட்டம், கஸ்டமர், அப்புறம் ஆர்டர் என்று போகிறேன்.

விஷயம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். இந்த சாஃப்ட்வேரில் ஒவ்வொரு வகை ஸ்கிரீனுக்கும் மாறாத எண் ஒன்று உண்டு: சேல்ஸ் ஆர்டருக்கு 139, இன்வாய்ஸுக்கு 133, கஸ்டமர் மாஸ்டருக்கு 134. அது ஃபார்ம் டைப். ஆனால் நாம் திறக்கிற ஒவ்வொரு ஜன்னலுக்கும் அந்த நேரத்துக்கு மட்டும் எஃப், அடிக்கோடு, ஒரு எண் என்று ஒரு அடையாளம் விழும். அது ஃபார்ம் யுஐடி. திறக்கிற வரிசை மாறினால் அந்த எண்ணும் மாறும். நம்ம ஆள் டைப்பைப் பார்க்காமல், அவன் மெஷினில் அன்றைக்கு விழுந்த யுஐடியை அப்படியே கோடில் எழுதி வைத்திருக்கிறான். ரயிலில் சீட் நம்பரை வைத்து ஆளை அடையாளம் சொன்ன மாதிரி.

ஆட்-ஆன் கம்பெனிக்காரருக்குப் போன் போட்டேன். "எஸ்ஏபி பேட்ச்ல ஃபார்ம் ஐடியை மாத்திட்டாங்க சார். ரீகான்ஃபிகர் பண்ண 35,000 ஆகும்." இதுதான் என்னை எழுத வைத்த வாக்கியம். வியூ மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று ஒன்று இருக்கிறது. கன்ட்ரோல், ஷிஃப்ட், ஐ மூன்றையும் அழுத்தினாலும் போதும். அதை ஆன் செய்து சேல்ஸ் ஆர்டரில் கஸ்டமர் கோட் கட்டத்தின் மேல் மவுஸை வைத்தேன். கீழே ஸ்டேட்டஸ் பாரில் ஃபார்ம் 139, ஐட்டம் 4 (அது அந்தக் கட்டத்தின் எண்). அவர்களே கொடுத்த பழைய கொட்டேஷனிலும் 139 என்றுதான் இருக்கிறது. எந்தப் பேட்ச்சும், அதாவது அப்டேட்டும், எதையும் மாற்றவில்லை. படம் எடுத்து அனுப்பினேன், அதற்குப் பிறகு அவர் போனை எடுப்பதில்லை.

அடுத்தது ஜாப் ஒர்க் பட்டன். ஜிஎஸ்டி சட்டப்படி ஜாப் ஒர்க்குக்குப் போன வார்ப்பு மாதிரியான மூலப்பொருள் பொதுவாக ஒரு வருடத்துக்குள் திரும்பாவிட்டால், அனுப்பிய தேதியிலேயே சப்ளை ஆனதாகக் கணக்கு. அதனால் இந்தப் பதிவில் கோட்டைவிட முடியாது. லாரி வாடகைக்கு நானே புதிதாக ஒரு டேபிள் சேர்த்தேன். மறுநாள் ஜாப் ஒர்க் பட்டனைத் தட்டினால் லாரி வாடகை திறக்கிறது! நாமாக உருவாக்கும் டேபிள்களுக்கு 51200-க்கு மேல் விழும் மெனு எண் நிரந்தரம் கிடையாது, டேபிள் கூடக் குறைய மாறும். எதைத் திறக்க வேண்டும் என்று சொல்லும் அந்த எண்ணையும் பட்டனில் அப்படியே எழுதி வைத்திருந்தார்கள்.

கஸ்டமர் மாஸ்டரைப் 'பூட்டிய' லட்சணமும் இதுதான். மெனுவில் அந்த வரியைத் தூக்கியிருக்கிறார்கள், அவ்வளவே. டெலிவரி ஸ்கிரீனில் கஸ்டமர் கோட் பக்கத்திலிருக்கும் ஆரஞ்சு அம்பைத் தட்டினால் மாஸ்டர் முழுசாகத் திறக்கிறது. ஸ்டோர்ஸ் பையன் அதை முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டானாம்.

ஆட்-ஆனின் சோர்ஸ் கோட், அதாவது மூல நிரல், கேட்டதற்கு "அது எங்க சொத்து சார்" என்று மெயில் வந்தது. ஒப்பந்தத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை, வாயை மூடிக்கொண்டேன்.

கடைசியில் வேறொரு கம்பெனியில் இதே வேலை பார்க்கும் நண்பரைக் கூப்பிட்டேன். டீ வருவதற்குள் அட்மினிஸ்ட்ரேஷனில் ஜெனரல் ஆதரைசேஷன்ஸ் ஜன்னலைத் திறந்தார். ஸ்டோர்ஸ் யூசருக்கு கஸ்டமர் மாஸ்டரில் 'நோ ஆதரைசேஷன்' வைத்தார், ஆரஞ்சு அம்பும் செத்தது. அதே ஜன்னலில், ஒவ்வொரு யூசருக்கும் அதிகபட்ச விற்பனை டிஸ்கவுண்ட் எவ்வளவு என்று ஒரு கட்டம் இருந்தது. எட்டு என்று அடித்துவிட்டு, "இதுக்கா ஆட்-ஆன் வாங்குனீங்க?" என்றார்.