செயலிப் பங்கா, நினைவகப் பங்கா?

விண்டோஸ் போன்ற இயங்குதளத்தின் புதிய பதிப்பு வரும்போது, கணினியின் மூளையான செயலி (CPU) நிறுவனங்களின் பங்கை வாங்குவதா, நினைவக (RAM) நிறுவனங்களின் பங்கை வாங்குவதா என்பதே கேள்வி. மட்டக்களப்பில் நண்பரின் கணினி திருத்தும் கடையில் பழைய மடிக்கணினிகள் குவிந்து கிடக்கின்றன. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. இன்டெலின் எட்டாம் தலைமுறைக்கு முந்திய செயலிகளை விண்டோஸ் 11 பெரும்பாலும் ஏற்பதில்லை. மடிக்கணினியில் செயலியை மட்டும் மாற்றுவது அரிது. புதிதாகத்தான் வாங்க வேண்டும். ஆகவே, புதிய இயங்குதளம் வரும்போது செயலி நிறுவனங்களான இன்டெல், ஏஎம்டி ஆகியவற்றின் பங்குகளுக்கே முதல் பலன் என்பது என் கணிப்பு.

நினைவகம் வேறு கதை. நேற்று ஓர் ஆசிரியை தன் பழைய மடிக்கணினியின் 4 ஜிபி நினைவகத்தை 8 ஆக்கிக்கொண்டு போனார். விரல் நீளப் பச்சைப் பலகை ஒன்று போதுமாக இருந்தது. இந்தத் தேவை சிறுகச் சிறுகவே வரும். விண்டோஸ் விஸ்டா வெளிவந்த 2007இல், அதை நம்பி நினைவகச் சில்லுகளை அளவுக்கு மீறி உற்பத்தி செய்தார்கள், விலை சரிந்தது. இயங்குதளத்தை மட்டும் பார்த்து நினைவகச் சில்லு நிறுவனமான மைக்ரானின் பங்கை நான் வாங்கமாட்டேன்.